உங்கள் கணினியின் கோப்புகளைக் கண்டெய்னருக்குத் திறந்துவிடுதல்: முழுமையான வழிகாட்டி

நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் கருவியான டாக்கரில் ஒரு நிரலை ஓடவிடும் எவரும் முதல் நாளிலேயே சந்திக்கும் சிக்கல் இது: வட்டில் கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் கண்டெய்னருக்குள் ஓடும் நிரல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது. கோப்பைத் திறந்துவிட ஒரே ஒரு வரி போதும். இணையத்தில் கிடைக்கும் வரியை எடுத்து ஒட்டினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆனால் எந்தக் கோப்புறையை, என்ன அனுமதியுடன், எந்த உரிமையாளர் எண்ணில் கொடுக்கிறோம் என்று முடிவுசெய்யாமல் ஒட்டிய வரிதான், சில வாரங்கள் கழித்து யாராலும் அழிக்க முடியாத கோப்புகளாகவும் காணாமற்போன தரவாகவும் வந்து நிற்கும். ஆகவே, கட்டளைகளைச் சொல்வதோடு, அவற்றுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளையும் இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

எடுத்துக்காட்டாகச் செட்டிநாட்டு வேலை ஒன்றையே இறுதிவரை வைத்துக்கொள்கிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், திருமண அழைப்பிதழ்கள், சங்க அறிக்கைகள், கடல் கடந்த ஊர்களில் அச்சான சிறு வெளியீடுகள் என அச்சுத்தாள்கள் பல வீடுகளில் பெட்டிகளில் கிடக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இத்தகையவற்றைத் திரட்டி வைத்ததால்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் சிறிய அளவில் அமைத்த ஏற்பாடு பின்வருமாறு: தாள்கள் ஸ்கேன் செய்யப்படும், டெசராக்ட் என்னும் எழுத்துணரி நிரல் ஒரு கண்டெய்னரில் இருந்து அந்தப் படங்களைப் படித்து உரைக்கோப்புகளை எழுதும், இன்னொரு கண்டெய்னரில் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பட்டியலை வைத்திருக்கும். (கையெழுத்தில் உள்ள பேரேடுகளை டெசராக்ட் உருப்படியாகப் படிக்காது, அதை நம்பி யாரும் பேரேட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.) உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரே மேசைக் கணினி, அதனுடன் ஒரு வெளிவட்டு. அவ்வளவுதான்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கோப்புறைகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். இமேஜ் (கண்டெய்னர் உருவாக்கப்படும் மூல அச்சு), கண்டெய்னர், வால்யூம் (டாக்கர் வைத்துக்கொள்ளும் சேமிப்பிடம்) ஆகியவற்றின் பெயர்களில் மட்டும் டாக்கர் தமிழ் எழுத்துகளை ஏற்பதில்லை.

கண்டெய்னருக்குக் கோப்பு ஏன் தெரிவதில்லை

கண்டெய்னர் என்பது தனிக் கணினி அன்று. உங்கள் கணினியின் அதே லினக்ஸ் கருவில் (கெர்னலில்) ஓடும் சாதாரணச் செயல்தான். வேறுபாடு என்னவெனில், அந்தச் செயலுக்குக் காட்டப்படும் கோப்பு மரம் வேறு. ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி மவுண்ட் பட்டியலை (கோப்பு மரத்தில் எது எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதை) காட்டும் வசதி லினக்ஸ் கருவில் 2002ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2013இல் வெளியான டாக்கர், அதையும் அதுபோன்ற பிற வசதிகளையும் எளிய கட்டளைகளாகக் கட்டிக் கொடுத்தது. எனவே கண்டெய்னருக்குள் ஓடும் நிரல் ‘/தரவு’ என்று தேடும்போது, அது உங்கள் வட்டில் தேடவில்லை. இமேஜில் இருந்து உருவான தன் சொந்த மரத்தில் தேடுகிறது.

அந்த மரம் பல அடுக்குகளால் ஆனது. கீழுள்ள அடுக்குகள் இமேஜுக்கு உரியவை. அவற்றை மாற்ற முடியாது. மேலே எழுதத்தக்க மெல்லிய அடுக்கு ஒன்று ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனியே கிடைக்கிறது. நிரல் எதை எழுதினாலும் அந்த அடுக்கில்தான் விழும். கண்டெய்னரை நிறுத்தினால் அந்த அடுக்கு போகாது. கண்டெய்னரை நீக்கினால் அதுவும் சேர்ந்தே போய்விடும். எழுத்துணரி இரவெல்லாம் ஓடி எழுதிய உரைகள் அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் இருந்தால், காலையில் கண்டெய்னரை நீக்கியவுடன் அவையும் இல்லை.

எந்த வழியைத் தேர்வது

கணினியின் ஒரு கோப்புறையை அப்படியே கண்டெய்னரின் மரத்தில் ஓரிடத்தில் பொருத்துவது பைண்ட் மவுண்ட். இரு புறமும் தெரிவது ஒரே கோப்புறைதான். நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. நீங்கள் கோப்பு மேலாளரில் திறந்து பார்க்கும், பெயர் மாற்றும், வேறு நிரல்களுக்கும் கொடுக்கும் கோப்புகளுக்கு இதுவே பொருத்தம். ஸ்கேன் படங்களும் உரைகளும் இந்த வகை.

டாக்கரே தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் சேமிப்பிடம் வால்யூம். உபுண்டுவில் அது வார், லிப், டாக்கர், வால்யூம்ஸ் என்ற கோப்புறை வரிசையின் கீழ் இருக்கும். உள்ளே கை வைக்கத் தேவையில்லாத, நிரலுக்கு மட்டுமே பொருள்படும் தரவுக்கு இது உகந்தது. தரவுத்தளம் இந்த வகை.

மூன்றாவதான டெம்ப்-எஃப்எஸ் நினைவகத்தில் மட்டும் இருக்கும். கண்டெய்னர் நின்றவுடன் மறைந்துவிடும். கடவுச்சொல் போன்றவற்றைத் தற்காலிகமாக வைக்கப் பயன்படும் என்பதற்கு மேல் இங்கே சொல்ல எதுவுமில்லை.

கோப்புகளை இமேஜுக்குள்ளேயே நகலெடுத்துக் கட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏ4 அளவுத் தாள் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 26 எம்பி வரும். 40 பக்கச் சங்க மலர் ஒன்றே 1 ஜிபியைத் தாண்டும். அதை இமேஜில் வைப்பது பொருளற்றது. நிரலோடு சேர்ந்து என்றும் மாறாமல் இருக்க வேண்டிய கோப்புகளை மட்டுமே இமேஜில் வைக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பை ஒரு முறை உள்ளே அனுப்பவோ வெளியே எடுக்கவோ ‘டாக்கர் சிபி’ என்ற கட்டளை போதும். அதற்காக மவுண்ட் செய்ய வேண்டியதில்லை.

படி 1: கோப்புறைகளைப் பிரித்து வைத்தல்

கட்டளைக்குப் போகும் முன் கோப்புறைகளை அனுமதியின் அடிப்படையில் பிரிக்க வேண்டும். நிரல் படிக்க மட்டும் வேண்டியவை ஓரிடம், எழுத வேண்டியவை வேறிடம். நம் எடுத்துக்காட்டில் ‘/தரவு/மூலப்படங்கள்’, ‘/தரவு/உரைகள்’, ‘/தரவு/அமைப்பு’ என மூன்று. இவற்றை ஒன்றாகக் கலந்து வைத்தால், உரை எழுதுவதற்காகக் கொடுக்கும் அனுமதி மூலப்படங்களுக்கும் சேர்ந்தே போய்விடும்.

ஸ்கேன் வேலை தொடங்கும்போது அந்த வீட்டு ஆச்சி கேட்ட கேள்வி ஒன்றுதான்: “மூலப் படத்தை இது அழிச்சிடாதே, தம்பி?” நிரல் நல்ல நிரல், அழிக்காது என்று பதில் சொல்வது போதாது, அழிக்க முயன்றாலும் முடியாதபடி வைத்திருக்கிறோம் என்று சொல்லக்கூடியதாக ஏற்பாடு இருக்க வேண்டும்.

கோப்புறைப் பெயரில் காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் வேண்டாம். அடுத்துப் பார்க்கப்போகும் இரண்டு கட்டளை வடிவங்களில், ஒன்று காற்புள்ளியையும் மற்றொன்று முக்காற்புள்ளியையும் பிரிப்புக்குறியாகக் கொள்கின்றன.

படி 2: பைண்ட் மவுண்ட் கொடுத்தல்

மூலப்படங்களைப் படிக்க மட்டும் கொடுத்து, உரைகளை எழுத அனுமதித்து ஓட்டும் கட்டளை இவ்வாறு அமையும்:

டாக்கர் ரன் --ஆர்எம்
--மவுண்ட் டைப்=பைண்ட்,சோர்ஸ்=/தரவு/மூலப்படங்கள்,டார்கெட்=/உள்ளே/படங்கள்,ரீட்ஒன்லி
--மவுண்ட் டைப்=பைண்ட்,சோர்ஸ்=/தரவு/உரைகள்,டார்கெட்=/உள்ளே/உரைகள்
(இறுதியில் இமேஜின் பெயர்)

சோர்ஸ் என்பது உங்கள் கணினியில் உள்ள இடம். டார்கெட் என்பது கண்டெய்னருக்குள் அது தென்பட வேண்டிய இடம். இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ரீட்ஒன்லி என்ற சொல்லைச் சேர்த்திருப்பதால், கண்டெய்னருக்குள் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகவே ஓடினாலும் அந்தக் கோப்புறையில் எழுதவோ அழிக்கவோ இயலாது. சொல்லை நம்பாமல் ஒரு முறை சோதித்துவிடவும்: கண்டெய்னருக்குள் ‘/உள்ளே/படங்கள்’ கோப்புறையில் ‘டச்’ கட்டளையால் வெற்றுக்கோப்பு ஒன்றை உருவாக்க முயன்றால், ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற மறுப்பு வர வேண்டும். மூலப்படங்கள் கோப்புறைக்குக் கீழே வேறொரு வட்டு பொருத்தப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டாக்கர் 25ஆம் பதிப்பும் லினக்ஸ் கரு 5.12 அல்லது அதற்குப் பிந்தையதும் இருந்தால் மட்டுமே அந்த உள்வட்டுக்கும் இத்தடை தானாகப் பொருந்தும். பழைய பதிப்புகளில் மேல் கோப்புறை பூட்டியிருக்க, உள்வட்டு திறந்தே கிடக்கும்.

இதே வேலைக்கு ‘-வி’ என்ற குறுகிய வடிவமும் உண்டு. முக்காற்புள்ளியால் பிரித்து, இறுதியில் ‘ஆர்ஓ’ சேர்த்து எழுதுவார்கள். பெரும்பாலான எடுத்துக்காட்டுகளில் காணக் கிடைப்பது அதுவே. ஆயினும் நீண்ட வடிவத்தையே பழகிக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காரணம், சோர்ஸ் இடத்தில் நீங்கள் சொன்ன கோப்புறை இல்லாவிட்டால் ‘--மவுண்ட்’ பிழை காட்டி நின்றுவிடும். ‘-வி’ அந்தப் பெயரில் ரூட்டுக்குச் சொந்தமான வெற்றுக் கோப்புறை ஒன்றைத் தானே உருவாக்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். ‘மூலப்படங்கள்’ என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், நிரல் ஓடி முடிந்து ‘படம் எதுவும் இல்லை’ என்று சொல்லும் வரை உங்களுக்குத் தெரியாது. கோப்பு ஒன்றின் பெயரைச் சொல்லி, அந்தக் கோப்பு இல்லாமற் போனால், அதே பெயரில் கோப்புறையை உருவாக்கி வைக்கும். மேலும், பெயருக்கு முன் சாய்வுக்கோடோ புள்ளியோ இல்லாவிட்டால் ‘-வி’ அதைக் கோப்புறை என்று கொள்ளாமல் வால்யூமின் பெயராகக் கொண்டுவிடும்.

கட்டளைகளுக்குப் பதிலாகக் கண்டெய்னர்களை ஒரே கோப்பில் விவரிக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில் எழுதுவோர், வால்யூம்ஸ் பகுதியில் டைப், சோர்ஸ், டார்கெட், ரீட்-ஒன்லி என்று தனித்தனி வரிகளாக எழுதும் நீண்ட வடிவத்தைப் பயன்படுத்தி, அதன் பைண்ட் பகுதியில் ‘கிரியேட் ஹோஸ்ட் பாத்’ என்பதற்கு ஃபால்ஸ் என்று குறித்துவிட்டால் இதே பாதுகாப்பு கிடைக்கும். புள்ளியில் தொடங்கும் சார்புப் பாதைகள், நீங்கள் நிற்கும் கோப்புறையில் இருந்து அல்லாமல் கம்போஸ் கோப்பு இருக்கும் இடத்தில் இருந்தே கணக்கிடப்படும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏற்கெனவே கோப்புகள் உள்ள டார்கெட் இடத்தின் மேல் பைண்ட் மவுண்ட் செய்தால், இமேஜில் இருந்த கோப்புகள் மறைந்துவிடும். அழிவதில்லை, ஆனால் நிரலுக்குத் தெரியாது. நிரல் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறையின் மேலேயே பொருத்திவிட்டு, நிரலைக் காணோம் என்று தேடுவது வழக்கமாக நடப்பது. அடுத்தது, கண்டெய்னரை உருவாக்கிய பிறகு அதில் புதிய மவுண்ட் சேர்க்க முடியாது. அதை நீக்கிவிட்டு, திருத்திய கட்டளையால் மீண்டும் உருவாக்க வேண்டும்.

அமைப்புக் கோப்பை மட்டும் தனியாகப் பொருத்துவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தனிக்கோப்பைப் பொருத்தும்போது, பெயர் அன்று, வட்டில் அந்தக் கோப்புக்கு உள்ள ஐநோட் எண்ணே பிணைக்கப்படுகிறது. பல உரைத்திருத்திகள் சேமிக்கும்போது புதிய கோப்பை எழுதி, பழைய பெயரை அதற்கு மாற்றிவிடுகின்றன. அப்போது பெயர் அதே, ஐநோட் வேறு. நீங்கள் திருத்தியதை உங்கள் கணினி காட்டும். கண்டெய்னர் பழையதையே படித்துக்கொண்டிருக்கும். ‘எல்எஸ் -ஐ’ கட்டளையை இரு புறமும் கொடுத்து எண்களை ஒப்பிட்டால் இது உடனே விளங்கிவிடும். கோப்பைப் பொருத்தாமல் ‘/தரவு/அமைப்பு’ என்ற கோப்புறையையே பொருத்துவது இதற்கான நிலையான தீர்வு.

படி 3: உரிமையாளர் எண்ணைச் சரிசெய்தல்

‘பர்மிஷன் டினைடு’ என்ற செய்தியைத் தேடி வந்தவர்களுக்கு இந்தப் பகுதிதான் வேண்டியது.

லினக்ஸ் கரு பயனர்களைப் பெயரால் அறிவதில்லை. எண்ணால் மட்டுமே அறியும். ஒவ்வொரு கோப்பின் மீதும் உரிமையாளர் எண் ஒன்றும் குழு எண் ஒன்றும் பதிந்திருக்கும். பெயர் என்பது அந்த எண்ணுக்கு அருகே ஒரு பட்டியலில் எழுதி வைத்த குறிப்பு; கண்டெய்னருக்குள் இருக்கும் பட்டியல் வேறு, உங்கள் கணினியின் பட்டியல் வேறு. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு எண் 1000. பெரும்பாலான இமேஜ்கள் எதுவும் சொல்லாவிட்டால் ரூட்டாக, அதாவது எண் 0 ஆக ஓடும். அப்படி ஓடிய எழுத்துணரி ‘/தரவு/உரைகள்’ கோப்புறையில் எழுதும் ஒவ்வொரு கோப்பும் ரூட்டுக்கே சொந்தமாகிவிடும். ஸ்கேன் செய்பவர் அதைத் திறந்து பார்க்கலாம், பிழை திருத்திச் சேமிக்க முடியாது.

முதலில் ‘ஐடி’ என்று தட்டச்சிட்டு உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் அறியவும். பிறகு ‘எல்எஸ் -எல்என்’ கட்டளையால் கோப்புறையைப் பார்க்கவும். பெயர்களுக்குப் பதில் எண்களைக் காட்டும் அந்த ‘என்’ எழுத்துதான் இங்கே முக்கியம். இரண்டும் 1000 என்றால், கட்டளையில் இதைச் சேர்த்தால் போதும்:

--யூசர் 1000:1000

இனி எழுத்துணரி எழுதும் கோப்புகள் உங்களுக்கே சொந்தமாகும். கண்டெய்னருக்குள் 1000 என்ற எண்ணுக்குப் பெயர் இல்லை என்பது பெரும்பாலான நிரல்களுக்குப் பொருட்டன்று. சில நிரல்கள் மட்டும் தம் வீட்டுக் கோப்புறையில் எதையாவது எழுத முயன்று தடுமாறும். ஹோம் என்ற சூழல் மாறியை டெம்ப் கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் அவையும் அடங்கிவிடும்.

ஒருவருக்கு மேல் பணிபுரியும் இடத்தில் குழுவைப் பயன்படுத்த வேண்டும். ஸ்கேன் செய்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், எழுத்துணரி ஆகிய மூவருக்கும் பொதுவாக ஒரு குழுவை உருவாக்கி, ‘/தரவு/உரைகள்’ கோப்புறையை அக்குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 2775 என்று வைக்கவும். முன்னால் உள்ள 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவைப் பெறச் செய்கிறது. கண்டெய்னருக்கு ‘--குரூப்-ஆட்’ மூலம் அந்தக் குழு எண்ணைக் கொடுக்கலாம். ஆனாலும் புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் மதிப்பு அந்த நிரலில் வழக்கம்போல் 022 ஆக இருந்தால், குழுவுக்கு எழுதும் அனுமதி உதிர்ந்துவிடும். நிரலைத் தொடங்கும் முன் 002 என்று மாற்றவோ, ‘செட்எஃப்ஏசிஎல்’ கட்டளையால் கோப்புறைக்கு முன்னிருப்பு அனுமதியைக் குறிக்கவோ வேண்டும்.

இத்தனையும் எதற்கு, 777 என்று போட்டுவிட்டால் போகிறது என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனருக்கும் எல்லா நிரலுக்கும் எழுதும் உரிமையைக் கொடுப்பது மட்டுமல்ல. புதிதாக உருவாகும் கோப்புகளின் உரிமையாளர் எண்ணை அது மாற்றுவதே இல்லை. ஆகவே சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றி, அடுத்த கோப்பிலேயே திரும்பி வரும்.

ரூட் உரிமை இல்லாத டாக்கர் அல்லது டாக்கரைப் போன்ற பாட்மேன் பயன்படுத்துவோருக்குக் கணக்கு மாறும். அங்கே கண்டெய்னருக்குள் இருக்கும் 0, வெளியே உங்கள் சொந்த எண். மற்ற எண்கள் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட துணை எண் வரிசையில் போய் விழும். அந்த வரிசை 100000இல் தொடங்கினால், உள்ளே 1000 ஆக எழுதிய கோப்பு வெளியே 100999 என்ற எண்ணோடு நிற்கும். கோப்புறையில் இப்படியொரு பெரிய எண்ணைப் பார்த்தால் மிரள வேண்டாம். அந்த ஏற்பாட்டில் ‘--யூசர்’ சேர்க்காமல் உள்ளே ரூட்டாகவே ஓடவிடுவது பெரும்பாலும் சரியான விடை; பாட்மேனில் ‘--யூசர்என்எஸ்=கீப்-ஐடி’ என்று கொடுத்தால் உள்ளும் வெளியும் ஒரே எண் அமையும்.

எண்களும் அனுமதிகளும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், ஃபெடோரா, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வகைகளில் செலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறது என்று பொருள். ‘-வி’ வடிவத்தின் இறுதியில் பெரிய ‘இசட்’ சேர்த்தால் அந்தக் கோப்புறைக்கு அந்த ஒரு கண்டெய்னருக்கான முத்திரை இடப்படும். சிறிய ‘இசட்’ பல கண்டெய்னர்களுக்குப் பொதுவானது. வீட்டுக் கோப்புறை முழுமைக்கும் கணினிக் கோப்புறைகளுக்கும் இதைச் செய்யவே கூடாது. முத்திரை மாறியபின் கணினியின் பிற நிரல்கள் அவற்றைத் திறக்க முடியாமல் தவிக்கும். உபுண்டுவில் இந்தப் பேச்சே தேவையில்லை.

படி 4: வெளிவட்டில் உள்ள கோப்புகள்

ஸ்கேன் படங்கள் விரைவில் வெளிவட்டுக்குப் போய்விடும். அங்கே இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன.

கடையில் வாங்கும் வெளிவட்டு பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வரும். எக்ஸ்ஃபேட் வட்டில் லினக்ஸின் உரிமையாளர் எண்ணைப் பதிய இடமே இல்லை. எனவே முன் படியில் சொன்ன மாற்றங்கள் எதுவும் அதில் ஒட்டாது. வட்டைப் பொருத்தும்போதே யூஐடி=1000, ஜிஐடி=1000 என்று குறிப்பிட்டு, முழு வட்டையும் ஒரே பயனருக்கு உரியதாகக் காட்டச் செய்வதே வழி. அந்த வட்டு விண்டோஸ் கணினிக்குப் போகத் தேவையில்லை என்றால், எக்ஸ்ட்4 வடிவில் மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. மாற்றினால் உள்ளிருப்பது அழியும், முதலில் நகலெடுக்கவும்.

இரண்டாவது சிக்கல் மின்தடையோடு வருவது. மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானாக எழுகிறது; கண்டெய்னரும் தானாக எழும்படி வைத்திருக்கிறீர்கள்; வெளிவட்டின் கம்பி மட்டும் கழன்றிருக்கிறது. தொடக்கத்தில் பொருத்த வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று குறித்திருந்தால், வட்டு இல்லாமலேயே கணினி தொடங்கிவிடும். இப்போது ‘/வெளிவட்டு’ என்பது வட்டைப் பொருத்துவதற்காக வைத்திருந்த வெற்றுக் கோப்புறை மட்டுமே. கோப்புறை இருப்பதால் ‘--மவுண்ட்’ கூடப் பிழை காட்டாது. எழுத்துணரி அந்த வெற்றுக் கோப்புறையில், அதாவது கணினியின் உள்வட்டில், எழுதத் தொடங்கும். பிறகு வெளிவட்டைப் பொருத்தியதும் எழுதியவை எல்லாம் அதன் அடியில் மறைந்துபோகும். உள்வட்டு ஏன் நிரம்புகிறது என்பது எவருக்கும் புரியாது.

இதற்குத் தடுப்பு மிக எளிது. சோர்ஸாக ‘/வெளிவட்டு’ என்பதைக் கொடுக்காமல், வட்டுக்குள்ளே உருவாக்கிய ‘/வெளிவட்டு/கானாடுகாத்தான்’ போன்ற உட்கோப்புறையைக் கொடுக்கவும். வட்டு பொருத்தப்படாவிட்டால் அந்த உட்கோப்புறை இருக்காது. ‘--மவுண்ட்’ வடிவில் உருவாக்கிய கண்டெய்னர் தொடங்காமல் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டும். கண்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டைக் கழற்றி மாட்டினால், கண்டெய்னரையும் ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள்.

படி 5: தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள்

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவதில் தயங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

சுருக்கமான இமேஜ்கள் பலவற்றில் மொழி அமைப்பு ஏதும் இருக்காது. கோப்பு சரியாகவே இருக்கும். ‘எல்எஸ்’ பட்டியலில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளும் எண்களும் தெரியும். லாங் என்ற சூழல் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்ற மதிப்பைக் கொடுத்தால் பெயர்கள் தெளியும்.

அடுத்தது நீளம். எக்ஸ்ட்4 வட்டில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘கானாடுகாத்தான்’ கண்ணுக்கு 7 எழுத்து, குறியீடுகளாக 14, வட்டில் 42 பைட்டுகள். மொத்தம் 85 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் குறியீடுகளை எண்ணுவதால் 255 வரை விடும். எனவே அங்கே மணமக்கள், பெற்றோர், கோயில் பிரிவு எல்லாம் சேர்த்துப் பெயரிட்ட அழைப்பிதழ்க் கோப்பு, இங்கே நகலெடுக்கும்போது ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று மறுக்கப்படும்.

மூன்றாவது, கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாதது. ‘கோட்டையூர்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயர்களைப் பிரித்து இரண்டாகவே பதியும். அத்தகைய வட்டில் இருந்து வந்த ‘கோட்டையூர்’ கோப்புறையைக் கட்டளையில் தட்டச்சிட்டால், ‘இல்லை’ என்ற பதில் வரும். சில வேளை ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கும். ‘கான்வ்எம்வி’ என்ற கருவியில் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதும் வடிவம்) தெரிவைக் கொடுத்து எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அது முதலில் என்ன மாற்றும் என்று காட்டும். ‘--நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.

விண்டோஸிலும் மேக்கிலும்

இவ்விரண்டிலும் டாக்கர் டெஸ்க்டாப், மறைவாக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டி அதற்குள்தான் கண்டெய்னர்களை வைக்கிறது. ஆகவே கோப்புகள் ஒரு எல்லையைக் கடந்து போய்வர வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துவோர், சி டிரைவில் கோப்புகளை வைத்து மவுண்ட் செய்தால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாளும் வேலை நன்றாகவே மந்தமாகும். கோப்பு மாறியதைக் கவனித்து இயங்கும் நிரல்களுக்கு அந்த மாற்றச் செய்தியும் வந்து சேராது. கோப்புகளை டபிள்யூஎஸ்எல்லின் லினக்ஸ் கோப்பு மரத்துக்குள்ளேயே வைத்தால் இரண்டும் தீரும். மேக்கில், அமைப்புகளில் உள்ள கோப்புப் பகிர்வுப் பட்டியலில் இடம்பெற்ற கோப்புறைகளை மட்டுமே மவுண்ட் செய்ய முடியும்.

எதைக் கொடுக்கக் கூடாது

டாக்கருக்குக் கட்டளைகள் போய்ச்சேரும் வழியான சாக்கெட் கோப்பைக் கண்டெய்னருக்குள் பொருத்தச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் நிறைய உள்ளன. அந்தக் கோப்பைப் பெற்ற நிரல், கணினியின் முழு மரத்தையும் பொருத்திய புதிய கண்டெய்னரை ரூட்டாக உருவாக்கிக்கொள்ள முடியும். அதாவது, வளவில் ஓர் அறையைத் துடைக்க வந்தவரிடம் முகப்பு முதல் பின்கட்டு வரை முழுச் சாவிக்கொத்தையும் கொடுப்பதற்கு ஒப்பானது. ரீட்ஒன்லி சேர்த்தாலும் இதில் பயனில்லை. சாக்கெட் வழியாகக் கட்டளை அனுப்புவது கோப்பில் எழுதுவதாகக் கருதப்படாது. டாக்கர் குழுவில் ஒரு பயனரைச் சேர்ப்பதும் நடைமுறையில் ரூட் உரிமை கொடுப்பதே.

வீட்டுக் கோப்புறையை முழுவதுமாகக் கொடுப்பதும் வேண்டாம். பிற கணினிகளில் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகளும் உலாவியின் சேமித்த நுழைவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. எழுத்துணரிக்கு அவற்றோடு ஒரு வேலையும் இல்லை.

படி 6: தரவுத்தளத்துக்கு வால்யூம்

போஸ்ட்கிரெஸ் தன் தரவுக் கோப்புறையின் உரிமையையும் அனுமதியையும் கண்டிப்பாகச் சோதிக்கும். டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் அடிப்படையிலான அதிகாரப்பூர்வ இமேஜில் அதன் பயனர் எண் 999. ஆல்பைன் என்னும் சிறிய லினக்ஸ் வகையின் அடிப்படையிலானதில் 70. எக்ஸ்ஃபேட் வட்டிலோ விண்டோஸ் பகிர்விலோ பைண்ட் மவுண்ட் செய்தால், அந்த எண்ணைப் பதிய முடியாமல் தொடங்கவே மறுக்கும். பெயரிட்ட வால்யூமைக் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை டாக்கருக்கு உரியதாகிவிடும்.

எங்கே பொருத்துவது என்பதில் பதிப்பைப் பார்க்க வேண்டும். 17ஆம் பதிப்பு வரை, வார், லிப், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பதன் கீழுள்ள டேட்டா கோப்புறையில் பொருத்த வேண்டும். 18இல் இருந்து, அந்த டேட்டா என்ற கடைசிப் பகுதி இல்லாமல் மேல் கோப்புறையிலேயே பொருத்த வேண்டும். பழைய பதிப்பில் மேல் கோப்புறையில் பொருத்தினால், உங்கள் வால்யூம் வெறுமையாக இருக்க, தரவு பெயரற்ற வேறொரு வால்யூமில் போய்ச் சேரும். கண்டெய்னரை மாற்றி உருவாக்கும்போது பட்டியல் முழுவதும் காலியாகத் தெரியும். ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ கட்டளையின் விடையில் மவுண்ட்ஸ் என்ற பகுதியைப் பார்த்தால், எந்த வால்யூம் எங்கே பொருந்தியிருக்கிறது, எழுத அனுமதி உண்டா என்பதெல்லாம் தெரியும். முதல் பதிவை இடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பைண்ட் மவுண்ட்களுக்கும் இதே சோதனைதான்.

வால்யூமில் உள்ளது கோப்பு மேலாளரில் கண்ணில் படாது என்பதால் நகலெடுப்பது மறந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ‘டாக்கர் எக்ஸெக்’ மூலம் ‘பிஜி-டம்ப்’ கட்டளையை ஓட்டி, அதன் விடையை வெளிவட்டில் ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். கண்டெய்னரை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன் என்றால், தற்காலிகக் கண்டெய்னர் ஒன்றில் அந்த வால்யூமை ரீட்ஒன்லியாகவும் நகல் கோப்புறையைப் பைண்ட் மவுண்டாகவும் கொடுத்து, ‘டார்’ கட்டளையால் கட்டி எடுக்கலாம். எந்த வழியில் எடுத்தாலும், அந்த நகலைப் புதிய வால்யூம் ஒன்றில் விரித்து, அழைப்பிதழ்களின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே அதை நகலாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இடம் மிச்சம் பிடிக்கும் கட்டளைகளில் இன்னொரு கவனம் தேவை. டாக்கர் 23ஆம் பதிப்பிலிருந்து ‘டாக்கர் வால்யூம் ப்ரூன்’ பயன்பாட்டில் இல்லாத பெயரற்ற வால்யூம்களை மட்டுமே நீக்கும். ‘--ஆல்’ சேர்த்தால், அந்நேரம் எந்தக் கண்டெய்னரிலும் இணைக்கப்படாத பெயரிட்டவையும் போகும். ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கட்டளை வால்யூமைத் தொடாது. அதனுடன் ‘-வி’ சேர்த்தால் அந்தக் கோப்பில் பெயரிட்ட வால்யூம்கள் அனைத்தையும் கேள்வி கேட்காமல் நீக்கிவிடும். பைண்ட் மவுண்ட் செய்த ‘/தரவு’ கோப்புறையை இவற்றுள் எதுவும் தொடாது. தரவுத்தள வால்யூமைக் கம்போஸ் கோப்பில் எக்ஸ்டெர்னல் என்று குறித்து, ‘டாக்கர் வால்யூம் கிரியேட்’ மூலம் தனியே உருவாக்கி வைத்தால், அந்த ‘-வி’யும் அதைத் தொட முடியாது.